குழந்தை கையில் உப்பு மாவு

தேசத்தில் எத்தனையோ பெரிய விவகாரங்கள் தீர்வு காணாமல் கிடக்கும்போது, மூன்று வயதுக் குழந்தைகள் மாவைப் பிசைந்து அதில் இலையை அழுத்தி விளையாடுவதைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுத வேண்டுமா என்று நேயர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சட்டசபை விவாதங்களையும் தேர்தல் கணக்குகளையும் எதிர்பார்த்துப் பத்திரிகையைப் பிரிக்கிறவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆயினும் ஒரு ஜன சமூகம் தன் கைகளைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது அற்ப விஷயமன்று. கையால் செய்யும் வேலை கௌரவமானதா, இழிவானதா என்ற எண்ணத்துக்கு வித்து விழுவது கல்லூரியிலும் அன்று, கட்சிக் கூட்டத்திலும் அன்று. அது வீட்டுக் கூடத்திலும் பாலர் பள்ளியின் பாயிலும் விழுகிறது. ஆகவே இவ்விஷயத்தை எடுத்துக்கொள்வதற்கு நாம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

முதலில் பொருளை விளக்கிவிடுகிறோம். உப்பு மாவு என்றதும் காலைப் பலகாரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். மைதா மாவு இரண்டு கிண்ணம், பொடியுப்பு ஒரு கிண்ணம், தண்ணீர் ஒரு கிண்ணத்துக்குச் சற்றுக் குறைவு. இவற்றைச் சேர்த்துச் சப்பாத்தி மாவைக் காட்டிலும் கொஞ்சம் இறுக்கமாகப் பிசைந்தால் கிடைப்பதுதான் அது. (கிண்ணத்தால் அளந்தால் இப்படி, தராசில் நிறுத்தால் மாவும் உப்பும் ஏறக்குறையச் சம எடையாகவே வரும், உப்பு அவ்வளவு கனமானது.) இந்த மாவை அரை விரற்கடைப் பருமனுக்குத் தட்டி, அதன்மேல் ஒரு பூவரச இலையைக் குப்புற வைத்து, ஒரு டம்ளரை அதன்மீது ஒரு முறை உருட்டி, இலையை மெள்ள உரித்தெடுத்தால், நடு நரம்பும் கிளை நரம்பும் அவற்றினின்று பிரியும் மயிரிழை போன்ற வலைப்பின்னலும் மாவில் பதிந்திருக்கும். இலையின் மேற்புறத்தை வைத்தால் இது நேராது. அடிப்புறத்தில்தான் நரம்பு புடைத்திருக்கிறது. ஐம்பது வயது வரை அரச மரத்தடியில் அரசியல் பேசியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மாவைத் தட்டிய நான்கு வயதுச் சிறுமிக்கு ஒரே காலையில் தெரிந்துவிடுகிறது.

மைதாவுக்கும் உப்புக்கும் தனித்தனியே வேலை உண்டு. கோதுமையில் உள்ள ஒரு வகைப் புரதம் தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மாவை இழுவையாக்குகிறது. அரிசி மாவிலும் கேழ்வரகு மாவிலும் அப்புரதம் இல்லாமையால் அவை உலரும்போது உதிர்ந்துவிடுகின்றன. உப்பு, மாவில் பூஞ்சையும் புழுவும் சேராமல் காக்கிறது. உலர்ந்தபின் கல்லைப் போல் இறுகச் செய்கிறது. நிறம் வேண்டுமானால் மஞ்சள் பொடியும் காவி மண்ணும் அடுப்புக்கரித் தூளும் போதும். இதற்கென்று கடையில் சாயம் வாங்குவது வீண் செலவு.

ஜெர்மனி முதலிய வட ஐரோப்பிய நாடுகளில் கிறிஸ்துமஸ் காலத்தில் மரத்தில் தொங்கவிடும் சிறு அணிகளை இம்மாவில் செய்வது குடும்ப வழக்கம். அந்த ஜெர்மனியிலேதான் பிரெடரிக் புரோபெல் என்பவர் 1837-ம் வருஷத்தில் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறு குழந்தைகளுக்காக ஒரு நிலையத்தை நிறுவினார். 1840-ல் அதற்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். இன்று நம் தெருக்களில் கிண்டர்கார்ட்டன் என்று பலகை மாட்டிக்கொண்டிருக்கும் நிலையங்கள் எல்லாம் அந்தப் பெயரைத்தான் சுமக்கின்றன. அவர் குழந்தைகளுக்கு வகுத்த அலுவல்களில் காகிதம் மடித்தலும், நூல் கோத்தலும், களிமண் பிசைதலும் இருந்தன. அவற்றோடு செடி வளர்த்தலும் உண்டு. பெயரை எடுத்துக்கொண்ட நாம் களிமண்ணையும் தோட்டத்தையும் வாசலிலேயே விட்டுவிட்டோம். இங்கே அரசியல் நேயர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. 1851-ல் பிரஷ்ய சர்க்கார் இந்தக் குழந்தைத் தோட்டங்களை நாஸ்திகமும் சமதர்மமும் பரப்புவன என்று சந்தேகித்துத் தடை செய்தது. களிமண் உருண்டைக்கு அஞ்சிய அரசாங்கமும் உலகில் இருந்திருக்கிறது!

இது மேனாட்டுச் சரக்கு, நமக்கு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. உப்பைச் சேர்ப்பதுதான் மேனாட்டு வழக்கம்; மாவில் கை வைப்பது நம் வீடுகளில் பழைய சங்கதி. கோகுலாஷ்டமிக்குச் சீடை உருட்டுவதற்குப் பாட்டிமார் பேரன் பேத்திகளை உட்கார வைத்தார்கள். கொழுக்கட்டைக்குச் சொப்புச் செய்யும்போது மிஞ்சிய மாவில் குழந்தை தானே ஒரு பிள்ளையார் பிடித்தது. அம்மனுக்கு மாவிளக்குப் போடும்போது இடித்த மாவைக் குழித்து விளக்காக்கும் வேலையில் சிறு பெண்ணின் கட்டைவிரலும் சேர்ந்துகொண்டது. பிள்ளைத்தமிழ் நூல்களில் சிற்றிற் பருவம் என்று ஒன்று வகுத்திருக்கிறார்களே, அது என்ன? சிறுமியர் மணலில் கட்டி விளையாடும் வீட்டைச் சிதைக்க வேண்டாம் என்று ஆண் குழந்தையை வேண்டிக்கொள்ளும் பகுதி. குழந்தை மண்ணில் கட்டுவதைக் காவியப் பொருளாகக் கொண்ட பாஷை நம்முடையது.

எழுத்தறிவித்த முறையையும் பார்க்கலாம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளைக்கு முதல் நாளிலேயே எழுத்தாணியைக் கொடுக்கவில்லை. மணலைப் பரப்பி விரலால் எழுதச் சொன்னார்கள். விரலுக்கு வடிவம் பழகியபின் ஓலை வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திவந்த ஆண்ட்ரு பெல் பாதிரியார் இம்மணல் எழுத்தைக் கண்டு தம் பள்ளியில் புகுத்தினார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டோடு சேர்த்து ‘சென்னை முறை’ என்ற பெயரால் இங்கிலாந்து முழுவதும் அது பரவியது. இங்கிலீஷ்காரன் நம்மிடமிருந்து கற்றுக்கொண்டு போனதை நாம் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் என்ற பெயரால் மறந்தோம்.

இன்றைய நிலைமை என்ன? மூன்று வயது நிரம்பியதும், சில இடங்களில் நிரம்பு முன்பே, குழந்தையை எல்.கே.ஜி. வகுப்பில் உட்கார வைத்துக் கையில் பென்சிலைத் திணிக்கிறோம். நாலு கோடு போட்ட நோட்டில் கோட்டைத் தாண்டாமல் எழுத வேண்டும்; தாண்டினால் சிவப்பு மை. நமது மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவற்றில் ஒன்றுகூட எலும்பாக இறுகியிருப்பதில்லை, எல்லாம் குருத்தெலும்பே. மூன்று வயதுக் குழந்தையின் கையை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால் எட்டில் பாதிகூடப் படத்தில் தெரியாது. கடைசி எலும்பு தோன்றப் பத்து வயதை ஒட்டி ஆகிவிடும். இதைக் கொண்டு பென்சில் பிடித்தால் கை கெட்டுவிடும் என்று நாம் வாதிக்கவில்லை. சாட்சியம் சொல்லாததைச் சாட்சியின் வாயில் திணிப்பது நம் வழக்கமன்று. ஆனால் பிசைந்தும் உருட்டியும் கிள்ளியும் விரல்களுக்குப் பலமும் பதமும் வந்தபின் பென்சிலைக் கொடுத்தால் அது தானாக அமர்கிறது. அதற்கு முன் கொடுத்தால் குழந்தை அதை முஷ்டியால் பிடித்துக்கொண்டு தோள் வலிக்க எழுதுகிறது. குழந்தைகளோடு பழகிய எந்த உபாத்தியாயினியும் இதற்குச் சாட்சி சொல்லுவார்.

மேற்படி விஷயத்தைப் பெற்றோரிடம் சொன்னால், ‘எங்கள் பையன் இப்பொழுதே இருபத்தாறு எழுத்தும் சொல்லுகிறானே’ என்பார்கள். சொல்லட்டும். அவன் எத்தனை இலைகளைத் தொட்டுப் பார்த்திருக்கிறான் என்று கேட்டால் விழிக்கிறார்கள். ‘மண்ணைத் தொடாதே, அழுக்கு’ என்பதும், ‘மாவில் கை வைக்காதே, வீணாகும்’ என்பதும், ‘நீ படி, அதெல்லாம் வேலைக்காரி செய்வாள்’ என்பதும் நடுத்தர வகுப்பார் வீடுகளில் குழந்தையின் காதில் ஓயாமல் விழும் உபதேசங்கள். இவற்றில் மூன்றாவதுதான் விஷம். படித்தவன் கை மடிப்புக் கலையாமல் இருக்க வேண்டும், படியாதவன் கைதான் மண்ணில் அளைய வேண்டும் என்ற பேதத்தை எந்தச் சாஸ்திரத்தாலும் நியாயப்படுத்த முடியாது. அதைக் குழந்தைக்கு அன்றாடம் ஊட்டிவிட்டுப் பிற்காலத்தில் மேடையேறித் தொழிலின் மகத்துவத்தைப் பேசுவதில் என்ன பயன்? மானாமதுரையில் கடம் செய்கிறவரும் விளாச்சேரியில் கொலுப் பொம்மை செய்கிறவரும் களிமண்ணைப் பதம் பார்க்கப் பழகியது பல வருஷப் பயிற்சியால். நவராத்திரியில் அவர்கள் பொம்மைக்கு விலை பேசிக் குறைக்கிறவர் வீட்டுக் குழந்தை ஒரு முறை தன் கையால் ஒரு சிறு பறவையைச் செய்ய முயன்று, அதன் கழுத்து மூன்று தரம் ஒடிந்து விழுவதைக் கண்டால், பேரத்தின் தொனி அடுத்த தலைமுறையிலாவது கொஞ்சம் தணியும்.

1937-ம் வருஷம் அக்டோபரில் காந்தியடிகளின் தலைமையில் வார்தாவில் கூடிய கல்வி மகாநாடு, கைத்தொழிலை நடுவாக வைத்த கல்வியைச் சிபாரிசு செய்தது நேயர்களுக்குத் தெரிந்ததே. ஜாகீர் ஹுசேன் கமிட்டி வகுத்த அத்திட்டம் ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையில் உள்ளவர்களுக்கே ஏற்பட்டது. ஏழுக்கு உட்பட்டவர்களைப் பற்றிய யோசனை பிறகுதான் வந்தது. மாண்டிசோரி அம்மையாரோ சிறியவர்களிடமிருந்தே தொடங்கினார். 1909-ல் இத்தாலிய பாஷையில் வெளிவந்த தமது நூலில் குயவர் கலைக்கு ஓர் அத்தியாயத்தை ஒதுக்கிய அவர், 1939-ல் சென்னை அடையாற்றுக்கே வந்து உபாத்தியாயர்களைப் பழக்கினார். இத்தனைக்குப் பிறகும் நமது பாலர் வகுப்பு மேஜையும் நாற்காலியும் நோட்டுமாகவே இருக்கிறதென்றால், குறை யோசனை சொன்னவர்களிடத்தில் இல்லை.

இனி இலைகளின் விஷயத்துக்கு வருகிறோம். இயற்கைப் பொருள்களை வைத்து மாவு வேலை செய்வதற்கு வழிகாட்டும் மேனாட்டுப் புத்தகங்கள் பைன் மரக் காயையும் ஓக் இலையையும் மேப்பிள் இலையையும் கேட்கின்றன. அவர்கள் ஊரில் அவை காலடியில் கிடக்கின்றன, கேட்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவற்றை அட்டையில் அச்சடித்து வாங்கிக் கத்தரித்துச் சுவரில் ஒட்டி, ‘இலையுதிர் காலம்’ என்று இங்கிலீஷில் எழுதியிருக்கக் கண்டோம். சுவருக்கு வெளியே வேப்ப மரம் பழுத்த இலைகளைச் சொரிந்துகொண்டிருந்தது! பைன் காய் வேண்டுமென்றால் கடற்கரையோரம் சவுக்குத் தோப்பில் அதன் சின்னஞ்சிறு சாயல் கூடை கூடையாகக் கிடைக்கும். அதை மாவில் உருட்டினால் விழும் கோலம் எந்த அச்சிலும் கிடைக்காது. அவர்கள் மாவை உருட்டி முள் குத்தி முள்ளெலி செய்கிறார்கள். நமக்கும் முள்ளெலி அந்நியமன்று. திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களின் வறண்ட நிலங்களில் அது வாழ்கிறது. வேப்பங்காம்புகளை ஒடித்துக் குத்தினால் முள் ஆயிற்று. அப்படி ஒரு பிராணி நம் சீமையில் இருப்பதே குழந்தைக்கு மட்டுமன்று, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தகப்பனாருக்கும் அன்றுதான் தெரியவரும்.

ஆகையால் மாவு பிசைவதற்கு முன் ஒரு நாழிகையாவது குழந்தைகளைத் தெருவிலோ தோட்டத்திலோ நடத்திச் செல்ல வேண்டும். அதுதான் பாடம்; மாவு அதற்கு ஏடு. கீழே விழுந்ததைப் பொறுக்கலாம், மரத்தில் இருப்பதை ஒடிக்கலாகாது என்று ஒரு விதி செய்துகொண்டால் போதும். வேப்பிலையின் ஓரம் ரம்பம் போல் இருக்கிறது. அரசிலைக்கு வால் நீண்டிருக்கிறது. புளியிலை ஒன்றல்ல, பல சிற்றிலைகளின் வரிசை. மூங்கிலிலையையும் புல்லையும் அழுத்தினால் கோடுகள் ஒன்றுக்கொன்று சமமாக ஓடுகின்றன. பூவரசையும் அரசையும் அழுத்தினால் வலை விழுகிறது. ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் என்று பிற்காலத்தில் உருப்போட்டு மறக்கப் போகிற பேதத்தைக் குழந்தை விரல் நுனியால் தடவி அறிந்துகொள்கிறது. பெயரை அப்பொழுதே சொல்லித்தர வேண்டியதில்லை. ‘இது கோடு, அது வலை’ என்று அது தானே வகை பிரிக்கும். தூத்துக்குடிப் பக்கத்துக் குழந்தைக்குக் கிளிஞ்சலும் சோழியும், தஞ்சாவூர்க் குழந்தைக்கு நெற்கதிர், கோயம்புத்தூரில் சோளத் தட்டை, நீலகிரியில் உண்மையாகவே பைன் காய். அந்தந்த ஊர் மாவில் அந்தந்த ஊர் பதியட்டும்.

மரங்களெல்லாம் நிரபராதிகள் என்று எண்ணிவிடக் கூடாது. அரளியும் எருக்கும் ஆமணக்கு விதையும் குழந்தைகள் கைக்கு வரவே கூடாதவை. குன்றிமணியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கும் வழக்கத்தால் அது நம் வீடுகளில் சாதுவைப் போல் நடமாடுகிறது. மாவுப் பறவைக்கும் அழகான கண்ணாகத்தான் இருக்கும். ஆனால் அதன் ஓடு உடைந்து உள்ளே உள்ள பருப்பு வயிற்றில் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. கண்ணுக்கு மிளகு போதும், அதுவும் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளாத வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும்.

மாவும் அப்படியே. தண்ணீரை நீக்கிப் பார்த்தால் அதில் ஏறக்குறையப் பாதி எடை உப்பு. ஒரு மேஜைக்கரண்டி உப்பு வயிற்றில் சேர்ந்தால் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பேராபத்தாகக்கூடும். இரத்தத்தில் உப்பு ஏறினால் மூளையைத் தாக்கும். கரிப்பு நாக்கில் பட்டதும் பெரும்பாலான குழந்தைகள் துப்பிவிடும் என்பது உண்மைதான். ஆயினும் எதையும் வாயில் வைக்கும் பருவத்தில் உள்ளதை இவ்விளையாட்டுக்கு உட்காரவைக்க வேண்டாம். மூன்று வயதுக்கு மேல், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, கையில் சிராய்ப்பு இல்லாதபோது கொடுக்கலாம். தவறி விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்க வைக்க உப்புத் தண்ணீர் கொடுக்கும் பழைய கைவைத்தியத்தை அறவே விட்டு, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். வீட்டு நாய்க்கும் இம்மாவு எட்டக்கூடாது. குழந்தை துப்புவதை நாய் விழுங்கிவிடும். அதனால் நாய்கள் செத்ததும் உண்டு.

ஆட்சேபங்களில் ஒன்று நம்மை உண்மையிலேயே தயங்க வைப்பது. உண்ணும் மாவை விளையாட்டுக்கு இறைப்பது தர்மமா? 2019-21 வருஷங்களில் நடந்த தேசீயக் குடும்ப நலக் கணிப்பின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியவர்கள் இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு 35.5, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 25. நாலில் ஒரு குழந்தை போஷாக்கின்றிக் குன்றியிருக்கும் நாட்டில், மற்றொரு குழந்தை மாவைப் பிசைந்து பொம்மை செய்து உலர வைத்து ஆணியில் மாட்டுவதைச் சுலபமாக ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. வாசலில் அரிசி மாவால் கோலம் போட்டால் எறும்பாவது தின்னும். உப்புச் சேர்ந்த மாவு எறும்புக்கும் உதவாது.

இந்த ஆட்சேபத்தைச் சிரித்துத் தள்ளுவோரோடு நமக்கு உடன்பாடில்லை. நமது தீர்ப்பு இதுதான்: களிமண் கிடைக்கும் இடத்தில் களிமண்ணே முதன்மையானது. ஏரிக்கரையும் குளத்துப் படுகையும் உள்ள கிராமத்தில் மைதாவை விலை கொடுத்து வாங்குவது அசட்டுத்தனம். அங்கே குயவரைக் கேட்டால் பதமான மண் தருவார்; பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை சொல்லியும் தருவார். மாவுக்கு இடம் மண் இல்லாத இடத்தில்தான். சென்னையில் ஏழாவது மாடியில் வசிக்கும் குழந்தைக்குக் களிமண் எங்கே? அங்கே மாவு இருக்கட்டும். அதுவும் வண்டு விழுந்ததோ, நாள் கடந்ததோ, சமையலுக்கு ஆகாதென்று கொட்டப் போகிற மாவாக இருக்கட்டும். வண்டைச் சலித்துப் போட்டால் வேலைக்குத் தடையில்லை. ஒரு குழந்தைக்கு எலுமிச்சங்காய் அளவு போதும். மிச்சத்தை ஈரத்துணியில் சுற்றி மூடி வைத்தால் மறுநாளும் உதவும். குழந்தைக்கு, இது மாவு, இது நாம் தின்னும் பொருள், ஆகையால் இவ்வளவுதான் என்று சொல்லியே கொடுக்க வேண்டும். அளவு அறிந்து வாங்கிய பிள்ளை மற்றொரு துண்டு கேட்பதற்கு முன் கையில் இருப்பதை மறுபடி உருட்டிப் பார்க்கும்.

உப்பின் மலிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேதாரணியத்தில் 1930-ல் ஒரு பிடி உப்புக்காகத் தடியடிபட்டார்கள். இன்று கிலோ உப்பைக் குழந்தையின் விளையாட்டுக்கு யோசியாமல் கொட்டுகிறோம். வரி போனது நல்லதே. ஆனால் இந்த மலிவில் ஒரு பகுதி, தூத்துக்குடி உப்பளங்களில் கண் கூசும் வெயிலில் வெறுங்காலோடு உப்பு வாரும் ஆண் பெண்களின் குறைந்த கூலியில் அடங்கியிருக்கிறது. அது வேறு தலையங்கத்துக்குரிய விஷயம்.

அதிகமாகச் சொல்ல வேண்டியது பெரியவர்களின் கையைப் பற்றி. குழந்தை செய்த யானை யானையைப் போல் இராது. தும்பிக்கை தனியே விழுந்திருக்கும். அம்மா பார்க்கிறாள், பொறுக்கவில்லை, ‘இப்படிக் கொடு’ என்று பிடுங்கித் தானே திருத்துகிறாள். யானை யானையாகிவிடுகிறது, குழந்தை எழுந்து போய்விடுகிறது. பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். கண்காட்சி என்று தேதி வைத்துவிட்டால் உபாத்தியாயினி இரவில் கண் விழித்து முப்பது இலைத் தகடுகளையும் தாமே செய்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குழந்தையின் பெயரை எழுதி, பெற்றோர் வந்து மெச்சிப் போகும்படி அடுக்கிவிடுகிறார். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் கைவேலையோ தகப்பனார் கடையில் வாங்குவது, அல்லது தாயார் முடிப்பது. மார்க்கு மட்டும் குழந்தைக்கு. மோசடி என்று சட்டத்தில் சொல்லும் காரியத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகமில்லை. அதைக் குழந்தையின் கண்ணெதிரிலேயே செய்கிறோம். கோணலான யானையைக் கோணலாகவே உலர வைக்க வேண்டும். பருமன் மிஞ்சிய இடத்தில் வெடிக்கும், வெடிக்கட்டும். ஏன் வெடித்தது என்று குழந்தை கேட்கும், அடுத்த யானையின் காலை மெலிதாக்கும். பெரியவர் செய்யத் தக்கது மாவின் பதத்தைப் பார்த்துக்கொடுப்பதும், வெயிலில் வைப்பதும், கேட்டதற்குப் பதில் சொல்வதும்தான். மூத்த குழந்தை இளையதற்குக் காட்டிக்கொடுக்கட்டும். பெல் பாதிரியார் அதைத்தான் சென்னை முறை என்று கொண்டுபோனார்.

உலர வைப்பதில் நம் நாட்டுச் சீதோஷ்ணத்தைக் கவனிக்க வேண்டும். மேனாட்டார் நூறு டிகிரி செண்டிகிரேட்டை ஒட்டிய மெல்லிய சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் அடுப்புப் பெட்டியில் வாட்டுகிறார்கள். நமக்குப் பங்குனி, சித்திரை, வைகாசி மாதத்து வெயில் இருக்கிறது. மொட்டை மாடியில் இரண்டு மூன்று நாள் திருப்பித் திருப்பி வைத்தால் காய்ந்துவிடும். ஆனால் காற்றின் ஈரம் நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். சித்திரையில் கல்லாக இருந்த இலைத் தகடு ஐப்பசி மழையில் வியர்த்து நெகிழ்ந்துவிடும். கல்லுப்பில் வேறு உப்புக்களும் கலந்திருப்பதால் அது இன்னும் விரைவாகக் கசியும், பொடியுப்பே ஏற்றது. மேலே வார்னிஷ் பூசினால் சில மாதம் கூடுதலாகத் தாங்கும். பூசும் வேலை பெரியவருடையது. மழைக்காலம் முழுவதும் களிமண்ணுக்கு மாறிவிடுவது அதைவிட உத்தமம். கெட்டுப்போன மாவைத் தொட்டிச் செடியின் வேரில் கொட்டிவிட வேண்டாம், உப்பு செடியைக் கொன்றுவிடும்.

கடைசியாக, இந்தப் பத்திரிகையைப் படிக்கும் கட்சி ஊழியர்களுக்கும் உள்ளாட்சி அங்கத்தினர்களுக்கும். 1975-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி தேசத்தில் 33 வட்டாரங்களில் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் இன்று தமிழ்நாட்டில் சுமார் 54,000 அங்கன்வாடிகள் இருக்கின்றன. உங்கள் வார்டிலும் ஒன்று இருக்கும். சத்துணவின் எடையைச் சரிபார்க்கவும், கட்டடத்தின் கூரையைப் பார்வையிடவும் நீங்கள் போவதுண்டு, நல்ல காரியம். போகும்போது குழந்தைகளை எழுப்பி நிறுத்தி இங்கிலீஷ் எழுத்துக்களை ஒப்பிக்கச் சொல்லிக் கைதட்டிவிட்டு வருகிறீர்களே, அதை நிறுத்துங்கள். நீங்கள் எதைக் கேட்டு மகிழ்கிறீர்களோ அதைத்தான் அந்த ஊழியர் அம்மாள் நாளைக்கும் தயார் செய்வார். சம்பளத்துக்கு மிஞ்சிய பதிவேடுகளை எழுதும் அவரிடம் இன்னுமொரு வேலையைச் சுமத்துவதாகவும் இது முடியக்கூடாது. இருபது குழந்தைகளுக்கு அரைக் கிலோ மைதாவும் அரைக் கிலோ பொடியுப்பும் போதும்; இன்றைய விலையில் ஐம்பது ரூபாய்க்குள் அடங்கும். ஊரில் குயவர் இருந்தால் அதுவும் வேண்டாம். அதை வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை போய், பாயில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு நீங்களும் ஓர் இலையை அழுத்திப் பாருங்கள். புகைப்படக்காரரை அழைத்துப் போக வேண்டாம்.